யார் வீட்டுக் காசு?

தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் அப்பா அம்மாக்களே, உங்களிடம் கொஞ்சம் கோபமாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. நானும் உங்களில் ஒருத்திதான். தவணை தவறாமல் கட்டணம் கட்டிவிட்டுப் புலம்புகிறவள்தான். ஆனால் பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நாம் பேசுகிற பேச்சு காது கூசுகிறது. அரசுப் பள்ளியில் காலை உணவு என்றால், “எல்லாம் நம்ம வரிப்பணம்.” சைக்கிள் கொடுத்தால், “ஓசியிலேயே வளர்த்துவிடுறாங்க.” மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகை வாங்கிக் கல்லூரிக்குப் போகிற பெண்ணைப் பார்த்தால் உதட்டுச் சுழிப்பு. பக்கத்தில் நிற்கிற நம் பிள்ளைகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வரிப்பணம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சம்பளத்தில் பிடிக்கிற வருமான வரி. அந்தப் பணம் டெல்லிக்குப் போகிறது. தமிழக அரசு நம் சம்பளத்தில் ஒரு பைசா வருமான வரி வாங்குவதில்லை. ஒன்றிய அரசு மாநிலங்களோடு பகிர வேண்டிய வரித் தொகுப்பில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அதில் 2021-26 காலத்துக்கு 15ஆவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு வகுத்த பங்கு 4.079 சதவீதம். பெருக்கிப் பாருங்கள்: தொகுப்பில் சேரும் நூறு ரூபாய்க்கு இங்கே வருவது ஒன்றே முக்கால் ரூபாய்கூட இல்லை. கல்விக்கென்றும் சுகாதாரத்துக்கென்றும் வருமான வரியின் மேல் 4 சதவீதம் செஸ் வாங்குகிறார்களே, அது அந்தத் தொகுப்பிலேயே சேராது. போதாக்குறைக்கு, 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கு ஆண்டுக்கு 12.75 லட்சம் வரை வருமான வரியே கிடையாது. வேனுக்குக் காத்திருந்து வரிப்பணம் பேசுகிறவர்களில் எத்தனை பேர் இப்போது வருமான வரி கட்டுகிறோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

சரி, பள்ளிக்கல்விக்கு என்று தமிழக அரசு 2025-26இல் ஒதுக்கிய 46,767 கோடி எங்கிருந்து வருகிறது? டெல்லி தருகிற பங்கும் கடனும் உண்டு. பெரும்பகுதி மாநிலத்தின் சொந்த வரி வருவாய்: ஜிஎஸ்டியில் மாநிலப் பங்கு, பெட்ரோல் டீசல் மீதான வரி, பத்திரப் பதிவுக் கட்டணம், வண்டி வரி, பிறகு டாஸ்மாக். உங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா இதில் எதையும் கட்டாமல் தப்ப முடியுமா? செல்போன் ரீசார்ஜுக்கு 18 சதவீதம் கட்டுகிறார். சோப்புக்கும் பற்பசைக்கும் 2025 செப்டம்பர் 21 வரை 18 சதவீதம் கட்டினார், இப்போது 5. அதே நாள் வரை நோட்டுப் புத்தகத்துக்கும் பென்சிலுக்கும்கூட 12 சதவீதம் இருந்தது. அவர் ஏறி வருகிற ஷேர் ஆட்டோவின் எரிபொருளில் வரி இருக்கிறது. அவர் கொடுக்கிற வாடகைக்குள் வீட்டுக்காரர் கட்டுகிற சொத்து வரி இருக்கிறது, அதோடு சேர்த்து வாங்குகிற நூலக வரியும் இருக்கிறது. வரி விகிதம் அவருக்கும் நமக்கும் ஒன்றுதான். வருமானம்தான் ஒன்றல்ல. ரூபாய்க் கணக்கில் நாம் கூடுதலாகக் கட்டுகிறோம், மறுக்கவில்லை. கூடுதலாகச் சம்பாதித்துக் கூடுதலாகச் செலவழிக்கிறோம், அவ்வளவுதான்.

டாஸ்மாக்கை ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். அதிலிருந்து அரசுக்கு ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடிக்கு மேல் வரி வருகிறது. அந்தக் கடைகளின் முன்னால் நிற்பவர்களில் தினக்கூலிக்காரர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வீட்டுப் பிள்ளை காலையில் பள்ளியில் சாப்பிடுகிற உப்புமாவுக்கு அந்த வீடு முன்பே விலை கொடுத்துவிட்டது, எந்த வழியில் கொடுத்திருக்கவே கூடாதோ அந்த வழியில். அதைப் போய் ஓசி என்கிறோம்.

“ஆனால் நாம் இரண்டு தடவை கட்டுகிறோமே, வரியும் கட்டிப் பள்ளிக் கட்டணமும் கட்டி” என்பீர்கள். நமக்கு வந்து சேர்வதையும் எண்ணுவோமா? பள்ளிக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, பிள்ளையின் கல்விக் கட்டணத்தைக் காட்டினால் 1.5 லட்சம் என்ற மொத்த வரம்புக்குள் வரிக் கழிவும் உண்டு. சோப்பு வாங்குகிறவருக்கு அப்படி ஒரு கழிவை யாரும் தருவதில்லை.

அதைவிடப் பெரியது பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு வருகிறது. பதினான்கு வருடம் அரசுப் பள்ளி வாசலை மிதிக்காத நாம், அதற்குப் பிறகு அரசு மருத்துவக் கல்லூரி வாசலில்தான் தவம் கிடக்கிறோம். தனியார் மருத்துவக் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு ஆண்டுக்குப் பல லட்சம். அரசுக் கல்லூரியில் சில ஆயிரம். நடுவில் இருக்கிற தொகையை யார் போடுகிறார்கள்? ஐஐடியில் நாம் கட்டுகிற கட்டணமும் முழுச் செலவுக்குக் காணாது. மிச்சம் பொதுப் பணம். நீட் வந்த பிறகு அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணும் நிலை வந்தது. 2020இல் அவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது, “நம்ம பிள்ளைங்க சீட்டு போச்சே” என்று அங்கலாய்த்தவர்கள் நாம். ஒரு தட்டு உப்புமா ஓசி, ஐந்தரை வருட டாக்டர் படிப்பு மட்டும் நம் உழைப்பா?

மறுபக்கத்திலும் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. “எம்ஜிஆர் போட்ட சோறு”, “அம்மா கொடுத்த லேப்டாப்” என்று நன்றியோடு சொல்கிறவர்கள் உண்டு. 1982இல் சத்துணவை விரிவாக்க முடிவெடுத்தது எம்ஜிஆர், அந்த முடிவுக்கான பெருமை அவருக்கு உரியது. அரிசி வாங்கிய பணம் ஊரார் பணம். இது தெரியாததால்தான் ஒருவர் கூனிக் குறுகி வாங்குகிறார், இன்னொருவர் மேலே நின்று முறைக்கிறார்.

கடைசியாக, நம் பள்ளிக்குள்ளேயே நடப்பது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி, சிறுபான்மைப் பள்ளிகள் நீங்கலாகத் தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்புச் சேர்க்கையில் 25 சதவீத இடத்தை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். “அவங்களுக்கும் சேர்த்து நம்மதான் கட்டுறோம், அதனாலதான் ஃபீஸ் ஏறுது” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு அல்லது அந்தப் பள்ளியின் கட்டணம், இதில் எது குறைவோ அதைப் பள்ளிக்கு அரசே திருப்பித் தர வேண்டும். அந்தப் பணம் இழுத்தடித்து வருகிறது என்பது மெய். ஒன்றிய அரசு கல்வி நிதியை நிறுத்தி வைத்த சண்டையில் 2025இல் சேர்க்கையே மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அது பள்ளிக்கும் சென்னைக்கும் டெல்லிக்கும் நடுவிலான வழக்கு. எல்கேஜியில் நம் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற குழந்தை அதில் பிரதிவாதி இல்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். அரசிடமிருந்து இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, கட்டணம் எதற்காக ஏறியது என்று எழுந்து நின்று நிர்வாகத்திடம் கேளுங்கள்.