திடீரென மாண்ட ஆடும் கிராமத்தார் கடமையும்

குளச்சல் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் மரச்சீனி விளைகளிலும் வெள்ளாடு வளர்ப்போர் பலர். மாலையில் நன்றாய் மேய்ந்து வந்த ஆடு விடியுமுன் மாண்டு கிடக்கக் கண்டால், பாம்பு தீண்டிற்றென்றோ மரச்சீனி இலையைத் தின்றதென்றோ முடிவு கட்டி, உடனே அறுத்துப் பங்கிடும் வழக்கம் கிராமங்களில் சிலரிடம் உண்டு. மரச்சீனி இலையில் விஷம் உண்டென்பது மெய்யே. துள்ளுமாரி நோயிலும் ஆடு திடீரென மாளும். ஆயின் அடைப்பான் என்னும் ஆந்த்ராக்ஸ் நோயிலும் அவ்வாறே நேரிடும். இவற்றை வெறுங்கண்ணால் பகுத்தறிதல் அரிது. ஆதலின், காரணம் விளங்காமல் மாண்ட ஆட்டை, அடைப்பானன்று என மருத்துவர் கூறும்வரை கத்தியால் தொடலாகாது.

இதற்குக் காரணம் அந்நோய்க் கிருமியின் இயல்பேயாம். அறுக்கப்படாத உடலினுள் அது அழுகலினால் சில நாட்களில் பெரும்பாலும் அழிந்துபோம். உடலைத் திறந்து காற்றுப் பட்டாலோ, வித்துக்களாக மாறி மண்ணிற் பல்லாண்டு உயிரோடிருக்கும். இவ்வுண்மையை 1876-ல் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்பார் விளக்கினார். ஒரு நாள் இறைச்சியை விரும்பி ஆட்டை அறுப்பவர், தம் மேய்ச்சல் நிலத்தில் பல்லாண்டுக்கு நோயை விதைத்தவராவர். அறுத்தவர் கையில் கருமையான பொருக்குடைய புண் உண்டாகும். உண்டவர்க்குக் குடலில் நோய் கண்டு உயிர்க்கே அபாயம் நேரலாம். தொட்டவரும் உண்டவரும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லின் மருந்துண்டு.

மூக்கு, ஆசனவாய் முதலிய துவாரங்களில் உறையாத கரிய இரத்தம் கசிதலும், உடல் விரைவில் உப்புதலும், முழுதும் விறைக்காமையும் ஐயத்திற்குரிய குறிகள். இவை காணாமையால் மட்டும் நோயில்லை எனக் கொள்ளலாகாது. கால்நடை மருத்துவர் காது நரம்பினின்று ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிச் சோதிப்பார். இதற்கு உடலை அறுக்க வேண்டுவதில்லை.

நோய் உறுதியானால் பிணத்தை எரித்துச் சாம்பலாக்குதலே நன்று. இயலாவிடில் கிணறு, குளம், வாய்க்கால்களுக்குத் தொலைவில், ஆறடிக்குக் குறையாத குழியில், தோலை உரிக்காமல் புதைக்க வேண்டும். கடற்கரையையடுத்து நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடங்களில் எரித்தலே தகும். மந்தையில் காய்ச்சல் கண்ட ஆட்டிற்குத் தொடக்கத்திலேயே பெனிசிலின் பயன்படும். நலமாயுள்ளவற்றிற்குத் தடுப்பூசி உண்டு. 1881-ல் பிரான்ஸ் தேசத்தில் பாஸ்டியர் நடத்திய சோதனையில், ஊசி பெறாத 24 செம்மறிகளும் 1 வெள்ளாடும் மாண்டன. ஊசி பெற்றவை அநேகமாய் எல்லாம் பிழைத்தன. இன்று வழங்கும் ஊசிமருந்து இராணிப்பேட்டையில் 1932-ல் ஏற்பட்ட நிலையத்தில் தயாராகிறது. நோய் கண்ட பகுதிகளில் ஆண்டுதோறும் இதனைப் போடுதல் முறை. இது உயிருள்ள வித்தாதலின், பெனிசிலினோடு ஒருங்கே கொடுத்தால் பயன்படாது. மருத்துவர் யோசனைப்படியே போடுதல் வேண்டும்.

தொற்று நோய் ஐயமுள்ள கால்நடையைப் பற்றி உடையவர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்திற்கோ அறிவிக்க வேண்டுமென 2009-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. எனினும் சட்டத்தால் மட்டும் காரியம் முடியாது. ஆட்டை இழந்த ஏழை, அதனை எரிக்க விறகும் தானே வாங்க வேண்டுமாயின், உண்மையை மறைக்கவே முற்படுவான். அவனை மட்டும் பழித்தல் நியாயமன்று. எரிக்கும் இடத்தை முன்னரே குறித்து வைத்தலும், விறகுக்கும் கூலிக்கும் பஞ்சாயத்தே பொறுப்பேற்றலும், செய்தி கிடைத்த அன்றே மருத்துவரை வரவழைத்தலும் கிராம அதிகாரிகளின் கடமையாதல் வேண்டும். நிலமுடையோரும் இதில் பங்கேற்றல் தகும். ஏழையின் ஆடு மாண்ட மண்ணிலேதான் அவர்தம் பசுக்களும் நாளை மேயப் போகின்றன.

ஓர் ஆட்டின் இறைச்சியை இழக்க மனம் வருந்துதல் இயல்பே. ஆயினும், அதனைக் கைவிட்டால் ஓராட்டோடு நஷ்டம் நிற்கும். கைவிடாவிடில் எத்தனை உயிரோடு நிற்குமென எவராலும் சொல்ல இயலாது.