நோயாளி வீட்டு மின்சாரமும் நிலுவைக் கணக்கும்

கடனுக்குச் சாமான் கொடுப்பவருக்கு வசூலின் கஷ்டம் தெரியும். நிலுவை வைத்தவருக்குச் சரக்கை நிறுத்துவது வியாபார நியதி. மின்சாரம் விநியோகிப்பவர்களும் அதையே செய்கிறார்கள். முதலில் சிவப்புப் பில், பின்னர் துண்டிப்பு. இதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒருவர் ஒட்சிசன் இயந்திரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் அதே நியதி பொருந்துமா?

2007 மே மாதம் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் இக்கேள்வி எழுந்தது. 168 டொலர் சொச்ச நிலுவைக்காக ஒரு வீட்டின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அங்கே ஒட்சிசன் இயந்திரத்தை நம்பியிருந்த 44 வயதுத் தாய் சில மணி நேரத்தில் மரணமானார். நோயாளி இருப்பது தமக்குத் தெரியாது என்றது நிறுவனம். அதன் பின்னர் அந்நாட்டில் வழிகாட்டல்கள் இறுக்கப்பட்டன. 2025 முதல் அவை கட்டாய விதிகளாகிவிட்டன. வைத்தியர் உறுதிப்படுத்தி, மருத்துவத் தேவைக்காக மின்சாரத்தில் தங்கியிருப்பவராகப் பதியப்பட்டவரின் இணைப்பை நிலுவைக்காகத் துண்டிக்க முடியாது.

எமது நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். நிமிடத்துக்கு 5 லீற்றர் தரும் ஒட்சிசன் இயந்திரம் ஏறத்தாழ 350 வொற் மின்சாரம் இழுக்கும். இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 8 யூனிட், மாதத்துக்குச் சுமார் 250 யூனிட். வீட்டுப் பாவனையில் 180 யூனிட்டைத் தாண்டினால் ஆகக் கூடிய விலை. ஆக, ஏழை வீடானாலும் நோயே அதை வசதியானவர்களின் கட்டணப் படிக்கு ஏற்றிவிடுகிறது. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது கடைகளுக்கே மூச்சு முட்டியது. நோயாளி வீட்டைச் சொல்ல வேண்டுமா?

"எல்லோரும் வைத்தியர் கடிதத்தோடு வந்துவிடுவார்கள்" என்று சிலர் சொல்லலாம். அரசாங்க வைத்தியசாலை வைத்தியரின் சான்றிதழ், வருடாந்தப் புதுப்பிப்பு என்று வைத்தால் ஏமாற்றுவது இலகுவல்ல. கடனைத் தள்ளுபடி செய்யும்படியும் நாம் கேட்கவில்லை. நிலுவை கணக்கிலேயே இருக்கட்டும், தவணையில் அறவிடட்டும். துண்டிக்க வருபவரின் கையிலுள்ள பட்டியலில் அந்த வீட்டுக்கு ஓர் அடையாளம் இருந்தால் போதும். இதைச் சட்டபூர்வமாக்கி எல்லோரும் அறியச் செய்வது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் பொறுப்பு.

எமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. எம்மில் பலர் அறைகளையும் மாடி வீடுகளையும் வாடகைக்கு விட்டு, உப மீட்டர் வைத்துப் பணம் வாங்குகிறோம். வாடகை பிந்தினால் மெயின் சுவிட்சை இறக்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அங்கே கேட்டறிய அதிகாரியும் இல்லை, அறிவித்தலும் இல்லை. சுவிட்சில் கை வைக்க முன் உள்ளே நோயாளி இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் பணத்துக்குத் தவணை பேசுங்கள். பிந்திய பணத்தை அடுத்த மாதமும் வாங்கலாம்.