கூலிக்கு எழுதிய வியாசம்

இங்கிலாந்து தேசத்துச் சர்வகலாசாலைகளில் "டிசெபிலிட்டி ஸ்டடீஸ்", அதாவது ஊனமுற்றோரின் நிலையை ஆராயும் படிப்பு ஒன்று இருந்து வருகின்றது. மற்றப் படிப்புகளில் நடப்பது போலவே இதிலும் மாணவர்களில் சிலர், தாங்கள் எழுத வேண்டிய வியாசத்தைப் பணம் கொடுத்து வெளியாரைக் கொண்டு எழுதுவித்து, அதன் தலையில் தங்கள் பெயரைப் போட்டுக் கொடுத்துவிடுகின்றார்கள். பக்கத்திற்கு இவ்வளவு, நாளைக்கே வேண்டுமானால் இவ்வளவு என்று விலை கட்டி இதையே வியாபாரமாய் நடத்துகின்றவர்களும் இருக்கின்றார்கள். எழுதுகின்றவர் யாரென்றால், கென்யா தேசத்து நைரோபி நகரத்தில் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கும் வாலிபர் போன்றவர். அவருடைய அறிவுக்குக் கூலி, வாங்கினவருக்குப் பட்டம். இதற்குப் பெயர் கல்வியாம்!

வியாசம் எழுதச் சொல்வது எதற்காக? காகிதம் நிரம்புவதற்காகவா? மாணவன் தானே படித்து, தானே யோசித்து, தான் கண்ட முடிவைச் சொல்லட்டும் என்பதற்காகத்தானே? நமக்குப் பசித்தால் அடுத்த வீட்டுக்காரனுக்குக் கூலி கொடுத்துச் சாப்பிடச் சொன்னால் நம் பசி அடங்குமா? அடங்காது என்பது குழந்தைக்கும் தெரியும். பின் யோசிப்பதற்கு மாத்திரம் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது எந்த ஊர்ப் புத்தி என்று கேட்கின்றோம்.

எந்தப் படிப்பிலும் இது மோசம். ஆனால் இந்தப் படிப்பில் செய்வது மகா மோசம் என்பது நமது அபிப்பிராயம். ஏனென்றால், ஊனமுற்றோரைப் பற்றிப் பிறரே பேசுவதும், பிறரே எழுதுவதும், பிறரே தீர்மானிப்பதும் போதும் போதும் என்று அவர்கள் கிளம்பியதாலேயே இப்படிப்பு பிறந்தது.

ஹாம்ப்ஷயர் ஜில்லாவில் "லெ கோர்ட்" என்ற ஊனமுற்றோர் விடுதியில் பால் ஹண்ட் என்பவர் வசித்து வந்தார். அங்கிருந்தவர்கள் எப்போது எழுவது, எப்போது படுப்பது என்பது முதல் தங்கள் வாழ்வைத் தாங்களே நடத்திக்கொள்ள உரிமை கேட்டுப் போராடினார்கள். ஆராய்ச்சி நிபுணர்கள் தங்களுக்குத் துணை நிற்பார்கள் என்றும் நம்பினார்கள். நிபுணர்கள் வந்து பார்த்து, 1972-இல் ஒரு புத்தகமும் போட்டார்கள். விடுதிகளை இன்னும் திறமையாய் நடத்துவது எப்படி என்பதே அவர்கள் முடிவாயிருந்ததல்லாமல், விடுதிக்காரர் கேட்ட உரிமைக்கு அது துணையாகவில்லை. ஹண்ட் அவர்களைப் புல்லுருவிகள் என்றே எழுதினார். அவர் 1979-இல் காலமானார். அந்தக் கட்டுரை 1981-இல்தான் அச்சேறிற்று.

அதே 1972-இல் அவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தினால் ஊனமுற்றோரே நடத்தும் ஒரு சங்கம் உண்டாயிற்று. நிறவெறி ஆட்சியை எதிர்த்துத் தென்னாப்பிரிக்காவில் சிறை சென்ற விக் ஃபிங்கல்ஸ்டீனும் அதில் சேர்ந்து உழைத்தார். மனிதனை முடக்குவது அவன் காலல்ல, அவனை ஒதுக்கிக் கட்டப்பட்ட சமுதாயமே என்பதை 1976-இல் அச்சங்கம் எடுத்துக் காட்டிற்று. படியை மாத்திரம் கட்டி, சாய்தளம் கட்டாமல் விட்டவன் யார் என்பதுதான் அதன் கேள்வி. மைக் ஆலிவர் 1983-இல் தம் நூலில் இதற்குச் சமூக மாதிரி என்று பெயர் கொடுத்தார். அவரும் கழுத்தெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவரே.

இப்பேர்ப்பட்ட படிப்பில், ஊனமுற்றோரைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் எழுத, எழுதினதைக் கூடப் படிக்காத ஒருவர் பட்டம் பெறுவாரானால், புல்லுருவியின் மேல் இன்னொரு புல்லுருவி முளைத்ததாக ஆகாதா?

சிலர் கேட்கலாம்: "பார்வையற்ற மாணவருக்கு ஒருவர் படித்துக் காட்டுகின்றாரே, கை எழாதவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுகின்றாரே, அதுவும் வெளியார் உதவிதானே?" என்று. அல்லவே அல்ல. அங்கே கை பிறருடையது, கருத்து மாணவருடையது. இங்கே கை, கருத்து இரண்டும் பிறருடையவை. பெயர் ஒன்றே மாணவருடையது. அது வழியில் கிடந்த கல்லை அகற்றுவது. இது நடக்காமலே ஊர் சேர்ந்ததாகப் பொய் சொல்லுவது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால், உண்மையில் உதவி தேவைப்படும் மாணவர் மேலும் சந்தேகம் விழும்.

நிற்க, குற்றம் முழுதும் மாணவர் தலையில்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் 2012 முதல் வருஷத்திற்கு 9,000 பவுன் வரை சம்பளம் வாங்க அனுமதித்தார்கள். கல்வியைக் கடைச் சரக்காக்கிவிட்டு, வாங்க வந்தவன் சரக்காகவே நினைக்கிறான் என்று கோபிப்பதில் நியாயம் பாதிதான். கடன், அந்நிய பாஷை, கூலி வேலை இவற்றால் நெருக்கப்பட்டவனுக்கு உபாத்தியாயர்கள் கைகொடுக்க வேண்டும். இந்த வியாபாரத்தை நடத்துவதையும் விளம்பரப்படுத்துவதையும் 2022-இல் இங்கிலாந்தில் சட்டம் போட்டுக் குற்றமாக்கினார்கள். வாங்கும் மாணவனை அச்சட்டம் தண்டிப்பதில்லை. ஆனால் அதே வருஷ முடிவில் கேட்டதை எழுதித்தரும் சாட்ஜிபிடி இயந்திரமும் வந்துவிட்டது. ஆகவே சட்டம் கடையை மூடலாம்; மானத்தை அது உண்டாக்க முடியாது.

நாளைக்கு இந்தப் பட்டதாரி ஓர் உத்தியோகத்தில் உட்காருவார். கை கால் முடியாத ஒருவர் உதவி கேட்டு எதிரில் வந்து நிற்பார். அப்பொழுது நைரோபி வாலிபரா வந்து பதில் சொல்லுவார்? பட்டத்தை விலைக்கு வாங்கியவரின் அறியாமைக்கு அன்று விலை கொடுக்கப் போகிறவர் அந்த எதிரில் நிற்கிற மனிதரல்லவா? மாணவத் தோழர்களே, தப்பும் தவறுமாயினும் நீங்களே எழுதுங்கள். சொந்தப் புத்தியின் தவறு திருந்தும். இரவல் புத்திக்குத் திருந்துவதற்கு ஏதும் இல்லை.