ஒரு குப்பி மருந்தும் நூறு குஞ்சும்

கோழிக் குஞ்சைப் பற்றி எழுத நம் பத்திரிகையில் இடம் எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அவர்கள் சாயர்புரத்துப் பக்கம் வந்து பார்க்கட்டும். வாழைத் தோட்டத்துக்கும் தூத்துக்குடி உப்பளத்துக்கும் கூலிக்குப் போகும் பெண்களுக்குப் புறவாசலில் மேயும் நாலு பெட்டைக் கோழிதான் பாங்கி. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் உப்பளத்தில் வேலையில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு சேவல் சந்தைக்குப் போகும். கந்துவட்டிக்காரனிடம் போகாமல் ஒரு வாரத்தைத் தள்ளலாம்.

இந்தப் பாங்கிதான் ஆண்டுக்கு ஒருமுறை திவாலாகிறது. காரணம் வெள்ளைக் கழிச்சல். 1920களின் இறுதியில் இமயமலைப் பக்கத்து ராணிக்கேத்தில் கண்டதால் ராணிக்கேத் நோய் என்றும் சொல்வார்கள். கோழி உறங்கி வழியும், கழியும், கழுத்து திருகும். சில நாட்களில் கூடு காலி. வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது.

குஞ்சு வளர்க்க நம் பெண்களுக்கு எவரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. அடை வைத்த இருபத்தோராம் நாள் பொரித்த குஞ்சைப் பருந்துக்கும் கீரிக்கும் தப்ப வைக்கப் பஞ்சாரம் கவிழ்ப்பார்கள். பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் நனைத்துப் போட்டு ராத்திரி கவிழ்த்து வைத்தால், காலையில் கறையான் மொய்த்துக் கிடக்கும். காசில்லாத சத்துணவு! ஆனால் தடுப்பு மருந்தை வீட்டில் காய்ச்ச முடியுமா?

மருந்து இல்லாமலில்லை. முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஓர் ஊசி. சிக்கல் குப்பியில் இருக்கிறது. ஒரு குப்பி நூறு குஞ்சுக்கு, இருநூறு குஞ்சுக்கு என்று வருகிறது. குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பல்லடத்துக் கறிக்கோழிக் கொட்டகையில் ஆயிரக்கணக்கான குஞ்சுக்கு ஒரே மூச்சில் போட்டுவிடுவார்கள். (அங்கேயும் குஞ்சும் தீனியும் மருந்தும் கம்பெனியுடையவை, கொட்டகையும் வேர்வையும் மட்டும் விவசாயியுடையவை. அது தனிக்கதை.) பத்துக் குஞ்சு வைத்திருக்கும் கூலிக்காரி என்ன செய்வாள்? குப்பியை உடைத்துத் தொண்ணூறு பங்கைக் கீழே கொட்டுவாளா?

சர்க்கார் ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது. நல்ல காரியம்தான். ஆனால் கோழி காலண்டர் பார்த்தா அடை இருக்கிறது? வைகாசியில் பொரித்த குஞ்சு மாசி வரை உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டுமா?

மானியத்தைப் பாருங்கள். 2023-24ஆம் ஆண்டு அறிவிப்பின்படி 250 நாட்டுக்கோழிக் குஞ்சுப் பண்ணைக்குப் பாதிச் செலவாக 1,56,875 ரூபாய் தருவார்கள். விதவைகளுக்கும் ஆதரவற்றோருக்கும் முன்னுரிமை என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மறுபாதியைத் தாங்களே திரட்ட வேண்டும், கொட்டகை போட 625 சதுர அடி நிலம் காட்ட வேண்டும். இரண்டு சென்ட் குடிசைக்காரி எங்கே போய் நிலம் காட்டுவாள்? ஏழைப் பெண்களுக்குச் சலுகை விலையில் குஞ்சு கொடுத்த திட்டங்களை வரவேற்கிறோம். குஞ்சு கொடுத்தவர்கள் மருந்தையும் தொடர்ந்து கொடுக்க வேண்டாமா?

2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பகுதியில் கூடு கூடாகக் கோழி போயிற்று. அன்றைய பேரிடர் நிவாரண விதிப்படி ஒரு கோழியின் உயிருக்கு விலை 100 ரூபாய். அந்தப் பணத்துக்கு இன்று சந்தையில் ஒரு விடைக்கோழியின் காலைக்கூடத் தொட விடமாட்டார்கள்!

நம் மாதர் சங்கத் தோழியர் ஒரு வேலையை உடனே தொடங்கலாம். தெருவுக்கு ஒரு நோட்டு. எந்த வீட்டில் எத்தனை குஞ்சு, எந்தத் தேதியில் பொரித்தது என்று எழுதுங்கள். பத்து வீடு சேர்ந்து ஒரே வாரத்தில் அடை வைத்தால் நூறு குஞ்சு சேர்ந்துவிடும், ஒரு குப்பியும் வீணாகாது. அந்த நோட்டுடன் பெண்களைத் திரட்டிக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். மாதம் ஒரு நாள் எங்கள் தெருவுக்கு ஐஸ் பெட்டியுடன் ஆள் வர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.