குடும்ப மருத்துவத்துக்காகச் சங்கங்கள் எப்போது போராடும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சங்கத்தின் அருமை தெரியும். டாக்டர்கள் போராடக் கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆரம்ப சுகாதாரம் என்று வரும்போது மருத்துவர் சங்கங்களின் பலம் பெரும்பாலும் எதையாவது தடுப்பதற்கே செலவாகிறது. அதைக் கண்டித்தே இந்தக் கடிதம்.

கிராமங்களுக்கென்று மூன்றரை ஆண்டு மருத்துவப் படிப்பு கொண்டுவரும் யோசனை 2010 வாக்கில் வந்தபோது இந்திய மருத்துவ சங்கம் கடுமையாக எதிர்த்தது. 2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, சமுதாய சுகாதாரப் பணியாளர்களுக்கு வரம்புக்குட்பட்டு மருந்து எழுதும் உரிமை தர முன்வந்தது. இதை எதிர்த்து அதே சங்கத்தினர் அந்த ஆண்டு ஜூலை 31 அன்று நாடு முழுக்க 24 மணி நேரம் அவசரமல்லாத சிகிச்சையை நிறுத்தினார்கள். அரைகுறைப் பயிற்சி பெற்றவர்களிடம் ஏழைகளை ஒப்படைப்பதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அப்படியானால் முழுப் படிப்பு படித்தவர் ஊரோடு தங்குவதற்கு என்ன வழி? அதற்காக இந்த வேகத்தில் கால்வாசியைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

டாக்டர் ஊரோடு தங்க ஒரு வழி, ஒருவரின் எல்லா உபாதைகளையும் ஒரே டாக்டர் சேர்த்துப் பார்க்கும் குடும்ப மருத்துவம். அதை வளர்க்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையே சொல்லிவிட்டது. 2017 கொள்கையும் சொன்னது. 2010-இல் தொடங்கிய இந்தியக் குடும்ப மருத்துவர்கள் அகாடமி, எம்.பி.பி.எஸ். படிப்பிலேயே இதற்கு இடம் கேட்டுவருகிறது. அது சிறிய சங்கம். அதன் குரல் எடுபடவில்லை. இன்றும் எம்.பி.பி.எஸ். மாணவருக்குக் குடும்ப மருத்துவம் தேர்வு எழுத வேண்டிய தனிப் பாடமாக இல்லை.

குடும்ப மருத்துவம் இல்லாததால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு வந்த ஒரு பெரியவரின் மஞ்சள் பையை வாங்கிப் பார்த்தேன். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர். இரண்டு சீட்டுகளில் பிரஷர் மாத்திரை. பெயர்தான் வேறு, அட்டையைத் திருப்பினால் இரண்டும் அம்லோடிபின். அவருடைய கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. அந்த மாத்திரை கூடினால் கால் வீங்கும். அந்த வீக்கத்துக்கென்று நீர் பிரியும் மாத்திரை ஒன்றை மூன்றாவது சீட்டில் எழுதியிருந்தார்கள். மூன்று பேரும் கெட்ட டாக்டர்கள் இல்லை. மூன்று சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவருக்கென்று ஒரு டாக்டர் இல்லை, அவ்வளவுதான்.

நம் மாநிலத்தில் சங்கம் சாதித்ததையும் சொல்ல வேண்டும். அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் இடம் ஒதுக்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்ததற்கு, தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கே காரணம். பாராட்டுகிறேன். ஆனால் அந்த இடத்தில் சேர்ந்து எலும்பு, மயக்கவியல், ரேடியாலஜி என்று படித்துவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர் திரும்பி வருவாரா? பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன், இங்கேயே இருப்பவருக்கு மேலே போகப் படிக்கட்டு இல்லையே!

பிரிட்டனில் 1965-இல் குடும்ப டாக்டர்கள் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களைத் தங்கள் சங்கத்திடம் எழுதிக் கொடுத்து அரசைப் பணியவைத்தார்கள். சம்பளமும் கேட்டார்கள்தான். ஆனால் 1966 ஒப்பந்தத்தில் உதவியாளர்களின் சம்பளத்தில் 70 சதவீதத்தை அரசே திருப்பித் தரவும், கிளினிக் கட்டிடத்துக்கு உதவவும் வழி பிறந்தது. பல டாக்டர்கள் சேர்ந்து, நர்ஸ் வைத்து நடத்தும் கிளினிக்குகள் அதன்பிறகு பெருகின. சங்கத்தின் பலத்தை இப்படியும் பயன்படுத்தலாம்.

நம் சங்கங்கள் அடுத்த கோரிக்கை மனுவில் இதை முதலில் எழுதட்டும்: ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் குடும்ப மருத்துவத் துறை வேண்டும், அதில் மேற்படிப்பு முடித்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்க விரும்புபவருக்கு ஸ்பெஷலிஸ்டுக்குச் சமமான சம்பளமும் பதவி உயர்வும் வேண்டும். சங்கங்கள் தரும் மனுக்களை அரசு பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடட்டும். அமைச்சர் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடும்போது டாக்டர்களோடு செவிலியர்களுக்கும், மஞ்சள் பையோடு வரும் நோயாளிகளுக்கும் நாற்காலி போடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்.