லைசென்ஸ் மட்டும் போதுமா?

லாக்கரைத் திறக்கவே ரெண்டு சாவி கேட்கிற தொழில் என்னுடையது. அதனால் இந்த விஷயம் உறுத்துகிறது.

2021 சட்டப்படி, செயற்கைக் கருத்தரிப்பு மையங்கள் மீதமாகும் கருக்களை உறையவைத்து 10 வருஷம் வரை வைத்திருக்கலாம். பிறகு அழியவிடலாம்; தம்பதி சம்மதித்தால் பதிவுபெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தரலாம். நல்ல சட்டம்தான்.

ஆனால் எங்க வெதுருகுப்பத்திலிருந்து திருப்பதிக்கோ சென்னைக்கோ போகிற தம்பதிக்கு, இங்கிலீஷ் படிவத்தில் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று புரியுமா? புரியாத சம்மதம் சம்மதமா?

பிரிட்டனில் 1991 முதல் தனி ஆணையமே கரு ஆராய்ச்சிக்கு லைசென்ஸ் தருகிறது, ஆய்வு அறிக்கைகளையும் வெளியிடுகிறது. நம்மூரிலும் வெளியிடட்டும். படிவம் தமிழிலும் தெலுங்கிலும் வரட்டும்.

ஊருக்குப் போன் பண்ணும்போது சொல்லுங்க மக்களே: படிச்சுப் புரிஞ்சுக்காம கையெழுத்து வேண்டாம்.