வசிஷ்டர் மணாலியில் மட்டும்தான் இருக்கிறாரா?

போன வாரம் காலை நடைப்பயிற்சியில் நண்பர் ஒருவர் சொன்னார்: "சார், வசிஷ்டர் இருக்கிற இடம்னா அது மணாலிதான். நம்ம ஊர்ல பேரு மட்டும்தான் வசிஷ்ட நதி. ஓடறது சாக்கடை." கூட வந்த நாலு பேரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் அங்கே போய்வந்தோம். சேலத்தில் ரயிலேறி டெல்லி, அங்கிருந்து பஸ்ஸில் மணாலி. பியாஸ் ஆற்றுக்கு அக்கரையில் மலைச்சரிவில் வசிஷ்ட் என்ற சிற்றூர். முனிவருக்குக் கோயில், பக்கத்தில் வெந்நீர்த் தொட்டிகள், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக. வெளியே உடம்பு வெடவெடக்கிறது. தொட்டியில் ஆவி பறக்கிறது. லேசான கந்தக வாடை.

நண்பர் சோப்பை எடுத்தார். உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் விரலை ஆட்டி, வெளியே இருந்த குழாயைக் காட்டினார். அங்கே குளித்துவிட்டுத் தொட்டிக்கு வா என்று அர்த்தம். மறுபேச்சில்லாமல் சோப்பு பைக்குள் போய்விட்டது.

மறுநாள் மணிகரன். பார்வதி ஆற்றங்கரையில் தண்ணீர் கொதிக்கிறது. துணியில் அரிசியைக் கட்டி இறக்கினால் சோறாகிறது. குருத்வாராவில் அன்னதானத்துக்கே அதில் சமைக்கிறார்கள். இமயத்தில் அந்தப் பக்கம் எரிமலை எதுவும் இல்லை. மழையும் பனியும் பாறை வெடிப்புகளில் இறங்கி, பூமியின் ஆழத்துச் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகின்றன. வரும் வழியில் கல்லைக் கரைத்து, வெளியே வந்ததும் ஊற்றின் விளிம்பில் அதைப் படியவிடுகின்றன. விரல் கனம் படிவதற்கே பல காலம் ஆகும். அந்தப் படிவத்தை எங்களில் ஒருவர் சாவியால் சுரண்டி எடுத்தார், பூஜை அறைக்காம்! நான் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். வசிஷ்டர் தவம் செய்த ஆறு என்றுதான் நாமும் சொல்கிறோம். பேளூர், ஏத்தாப்பூர், ஆத்தூர், ஆறகளூர், கூகையூர் என்று கரையோரத்தில் ஐந்து சிவாலயங்கள். பஞ்சபூதங்களில் நெருப்பு நம் காயநிர்மலேஸ்வரர் என்பார்கள். கோட்டையை ஒட்டி ஓடும் அதே ஆற்றில், சின்ன வயதில் மணலைக் கையால் பறித்து, தெளிந்த பிறகு குடத்தில் மொண்டு வந்தோம். அதுவும் ஊற்றுதானே? சுடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மணலை அள்ளிக்கொண்டு போனது யார்? சேகோ ஆலைக் கழிவையும் கோழிக் கழிவையும் கொட்டியது யார்? வேற்றூர்க்காரனா? என் வீட்டுச் சாக்கடையும் தெருக் கால்வாய் வழியாக அங்கேதான் போய்ச் சேர்கிறது. முப்பது வருடமாக அதைப்பற்றி நான் ஒரு மனுகூடக் கொடுத்ததில்லை. அங்கே ஒரு துண்டு சோப்புக்குப் பயந்த நாம், இங்கே எதற்கும் பயப்படவில்லை. ஆற்றைச் சாக்கடை ஆக்கிவிட்டு, சாக்கடை என்று அதைப் பழிப்பது என்ன நியாயம்?

"இனி ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்பீர்கள். துருக்கியில் பாமுக்காலே என்ற இடம். வெந்நீர் படியவிட்ட சுண்ணாம்பு, மலைச்சரிவு முழுக்க வெள்ளை வெளேரென்று படிப்படியாக நிற்கிறது. நம் சேலத்து வெள்ளைக்கல்லைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் புரியும். அதன் தலைமேலேயே ஓட்டல்கள் கட்டி, வெந்நீரை உறிஞ்சி, குறுக்கே ரோடும் போட்டார்கள். வெள்ளை பழுப்பாகிவிட்டது. 1988இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. பிறகு ஓட்டல்களை இடித்தார்கள், ரோட்டை எடுத்தார்கள். இன்று அந்தப் படிகளில் செருப்போடு ஏற முடியாது. கெடுத்தவர்களேதான் சரிசெய்யவும் முன்வந்தார்கள்.

நம்மிடம் யாரும் ஓட்டலை இடிக்கச் சொல்லவில்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்து விடு என்று கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற நமக்கு நேரத்துக்கா பஞ்சம்? மனு எழுதி வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது, நாளைக் காலை நடைப்பயிற்சியில் அந்த நண்பரிடம்தான் கேட்கப்போகிறேன்.